கவுன்சிலருக்கு மார்க் போடுவது யார்?

சிகாகோ நகர மன்றத்தில் 1892 முதல் 1938 வரை முதல் வார்டின் உறுப்பினராக இருந்தவர் ஜான் காஃப்லின். குளியல் விடுதி நடத்தியவர் என்பதால் ‘பாத்ஹவுஸ் ஜான்’ என்றே ஊர் அவரை அழைத்தது. சூதாட்ட விடுதிகளும் மதுக்கடைகளும் நெருக்கியடித்த அந்த வார்டில் அவர் வைத்ததுதான் சட்டம். அவரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். குடிமக்கள் அமைப்பு ஒன்று, தேர்தல் நெருங்கும் நேரத்தில், மன்றத்தில் அவர் நடந்துகொண்ட விதத்தை எழுதி, இவருக்கு வாக்களிக்க வேண்டாம் என்று அச்சிட்டது. காஃப்லின் கொதித்துப்போய் அந்த அமைப்பின் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். வாக்கீகன் என்ற பக்கத்து ஊரில் தான் பிறந்ததாகப் போட்டிருக்கிறார்கள், அது பொய், தான் சிகாகோவிலேயே பிறந்தவன், உடனே திருத்த வேண்டும் என்றார். லஞ்சம், ஊழல் என்று எழுதியிருந்த மற்றவற்றைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லையாம்.

ஒரு வேட்பாளரைப் பற்றிய உண்மையை அச்சிட்டு ஊர் கையில் கொடுத்தால் என்ன நடக்கும் என்ற கேள்விக்கு இந்தக் கதை பாதி பதில். மீதிப் பாதியும் சிகாகோவில்தான் இருக்கிறது. அதே அமைப்பு அதே ஆண்டுகளில் அந்த நகர மன்றத்தையே புரட்டிப் போட்டது.

நமக்கு இப்போது இது ஏன்? 2022 பிப்ரவரி 19 அன்று தமிழ்நாட்டில் 21 மாநகராட்சிகளுக்கும் 138 நகராட்சிகளுக்கும் நூற்றுக்கணக்கான பேரூராட்சிகளுக்கும் தேர்தல் நடந்தது. மாநிலம் முழுக்க ஏறத்தாழ 60 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். சென்னையில் 44 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. அந்த மன்றங்களின் ஐந்தாண்டுக் காலம் 2027 தொடக்கத்தில் முடிகிறது. குடிநீர், குப்பை, தெருவிளக்கு, மழைநீர் வடிகால் என்று அன்றாட வாழ்க்கை மொத்தமும் அடங்கிய பதவி கவுன்சிலர் பதவி. முதலமைச்சராக வரப்போகிறவர் யார் என்று டீக்கடையில் மணிக்கணக்கில் பேசும் நாம், வார்டுக்கு நிற்பவரைப் பற்றி அறிந்திருப்பது அவர் பெயரும் சின்னமும் மட்டும்தான். அவர் ஏற்கெனவே ஐந்து ஆண்டு மன்றத்தில் உட்கார்ந்திருந்தவர் என்றால், அங்கே என்ன செய்தார் என்பது பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழி வேண்டும்.

ஒன்பது பேர் தொடங்கிய வேலை

1890-களின் சிகாகோ நகர மன்றத்தில் 34 வார்டுகள், வார்டுக்கு இருவர் வீதம் 68 உறுப்பினர்கள். மன்றக் கூட்டம் ஒன்றுக்கு 3 டாலர் படி, அவ்வளவுதான். ஆனால் டிராம் வண்டிக்குத் தண்டவாளம் போடவும், காஸ் குழாய் பதிக்கவும், தெருவைத் தோண்டவும் உரிமம் வழங்கும் அதிகாரம் அவர்கள் கையில் இருந்தது. ஒரு முக்கியமான உரிமத்துக்கான வாக்கு ஆயிரக்கணக்கான டாலருக்கு விலைபோனது. மன்றத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டவர்கள் இப்படி வாக்கை விற்கும் கும்பலில் இருந்தார்கள். ‘சாம்பல் ஓநாய்கள்’ என்று பத்திரிகைகள் அவர்களுக்குப் பெயர் வைத்தன. இருக்கிற காஸ் நிறுவனங்களை மிரட்டி அவற்றின் தலையில் கட்டுவதற்காகவே 1895-ல் ‘ஆக்டன் கேஸ்’ என்று புதிதாக ஒரு நிறுவனத்தைக் காகிதத்தில் உருவாக்கி, அதற்கு மன்றமே உரிமமும் கொடுத்தது. ஊர் பொறுமையிழந்தது அதோடுதான்.

1896-ன் தொடக்கத்தில் முனிசிபல் வோட்டர்ஸ் லீக் என்ற அந்த அமைப்பு பிறந்தது. தலைமை ஏற்றவர் ஜார்ஜ் கோல். எழுதுபொருள் விற்பவர், குள்ளமான மனிதர், பிடித்தால் விடாதவர். தன்னைப் பெரிய வணிகராக அவர் ஒருபோதும் சொல்லிக்கொண்டதில்லை. அவரோடு சேர்த்து ஒன்பது பேர் கொண்ட குழுதான் எல்லா முடிவுகளையும் எடுத்தது.

அவர்கள் புதுக் கட்சி தொடங்கவில்லை. தாங்களே வேட்பாளர்களை நிறுத்துவதையும் முதன்மை வேலையாக வைத்துக்கொள்ளவில்லை. பதவிக்காலம் முடியும் உறுப்பினர் ஒவ்வொருவரின் மன்றப் பதிவையும் எடுத்தார்கள். எந்தெந்த உரிமத் தீர்மானத்துக்கு எப்படி வாக்களித்தார், மேயர் நிராகரித்ததை மீறுவதற்குக் கை தூக்கினாரா, தொழில் என்ன, பதவிக்கு வருவதற்கு முன் எப்படி வாழ்ந்தார், பிறகு எப்படி வாழ்கிறார். இவற்றை விசாரித்து, ஆளுக்கு ஒரு பத்தியாகச் சுருக்கி, கடைசியில் தங்கள் பரிந்துரையையும் எழுதிப் பத்திரிகைகளில் வெளியிட்டார்கள். இதில் முக்கியமானது காலம். வாக்குப்பதிவுக்கு முந்தைய நாள் அல்ல, கட்சிகள் வேட்பாளரை முடிவு செய்வதற்கு முன்பே வெளியிட்டார்கள். இன்னாரை நிறுத்தினால் இந்தப் பத்தி ஊர் முழுக்கப் போகும் என்பது கட்சித் தலைமைக்குத் தெரிந்தது. அம்பலப்பட்டவர்களில் பலருக்கு அந்த ஆண்டு சொந்தக் கட்சியே சீட்டு மறுத்தது. என் பார்வையில் லீக்கின் சாதனைகளில் பெரியது இதுதான். வாக்காளரின் மனதை மாற்றுவதற்கு முன்பே கட்சியின் கணக்கை அது மாற்றிவிட்டது.

டிராம் முதலாளி சார்லஸ் யெர்க்ஸ் 1898 டிசம்பரில் தன் உரிமங்களை 50 ஆண்டுக்கு நீட்டிக்க மன்றத்தை வளைக்கப் பார்த்தார். சில ஆண்டுகளுக்கு முன்பு என்றால் அது கேள்வியில்லாமல் நிறைவேறியிருக்கும். இந்த முறை மயிரிழையில் தோற்றது. யெர்க்ஸ் கொஞ்ச காலத்தில் சிகாகோவை விட்டே போய்விட்டார். மன்றக் குழுக்களைக் கட்சி பார்க்காமல் அமைக்கும் வழக்கமும் அந்த ஆண்டுகளில் வந்தது. நகரங்களின் ஊழலை ஊர் ஊராகப் போய் எழுதிய பத்திரிகையாளர் லிங்கன் ஸ்டெஃபன்ஸ் 1903-ல் சிகாகோவுக்கு வந்தபோது, மற்ற நகரங்கள் பார்த்துக் கற்க வேண்டிய ஊர் என்ற அளவுக்கு அதைப் பாராட்டினார்.

வான்கோழி கொடுத்தவர்

ஆனால் காஃப்லின் தோற்கவில்லை. அவருடைய கூட்டாளி மைக்கேல் கென்னாவும் தோற்கவில்லை. பத்தொன்பதாவது வார்டின் ஜானி பவர்ஸும் தோற்கவில்லை. ஓநாய்களின் தலைவர் என்றே எல்லோராலும் சொல்லப்பட்டவர் பவர்ஸ்.

அந்தப் பத்தொன்பதாவது வார்டில்தான் சமூக சேவகர் ஜேன் ஆடம்ஸ் நடத்திய ஹல் ஹவுஸ் என்ற சேவை இல்லம் இருந்தது. இத்தாலி, அயர்லாந்து, கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த ஏழைத் தொழிலாளர்கள் வாழ்ந்த பகுதி. குப்பை அள்ளப்படவில்லை, பள்ளிக்கூடம் போதவில்லை. அந்த அம்மையார் பவர்ஸை எதிர்த்து 1896-லும் 1898-லும் பிரசாரம் செய்து தோற்றார். அவருக்கோ அன்று வாக்குரிமையே கிடையாது. சிகாகோ பெண்களுக்கு நகராட்சித் தேர்தலில் வாக்கு 1913-ல்தான் வந்தது.

தோற்றபின் அவர் மக்களைத் திட்டவில்லை. ஏன் தோற்றோம் என்று உட்கார்ந்து யோசித்து 1898-ல் எழுதினார். குடிமக்கள் அமைப்பில் இருக்கும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய எழுத்து அது. பவர்ஸ் கிறிஸ்துமஸுக்கு ஆறு டன் வான்கோழி கொடுக்கிறார். வேலையில்லாதவனுக்கு வேலை வாங்கித் தருகிறார். வார்டில் 2,600 பேர் அரசுச் சம்பளப் பட்டியலில் இருப்பது தன்னால்தான் என்று அவர் பெருமை பேசுவார். வார்டின் மொத்த வாக்கில் மூன்றில் ஒரு பங்கு அது. இறந்தவனை நல்லடக்கம் செய்யப் பணம் கொடுக்கிறார், இறுதி ஊர்வலத்தில் தானும் நடக்கிறார். போலீஸ் பிடித்துப் போன பையனை மீட்டு வருகிறார். இப்படி ஒரு மனிதரை நல்லவர் என்று நினைப்பது அந்த ஜனங்களுக்கு இயல்பு. எங்கோ ஓர் அலுவலகத்திலிருந்து வரும் காகிதம் அவரைத் திருடன் என்று சொன்னால், அந்தக் காகிதத்தைத்தான் அவர்கள் சந்தேகிப்பார்கள்.

ஆடம்ஸ் சொன்னதில் ஒரு கூர்மை உண்டு. மார்க் போடுகிறவர்கள் வேறு தெருவில் வாழ்கிறார்கள், மார்க்கைப் படிக்க வேண்டியவர்கள் வேறு தெருவில் வாழ்கிறார்கள். முன்னவர்களுக்கு நேர்மை என்றால் கணக்கு. பின்னவர்களுக்கு நேர்மை என்றால், கூப்பிட்டால் வருவது. இரண்டும் ஒரு கவுன்சிலரிடம் கேட்க வேண்டியவைதாம். ஒன்றை மட்டும் அளந்து மதிப்பெண் போட்டால் அது பாதி மதிப்பீடு.

வரலாற்றாசிரியர் சாமுவேல் ஹேஸ் 1964-ல் இந்த விஷயத்தை இன்னொரு பக்கத்திலிருந்து திறந்தார். பிட்ஸ்பர்க் நகரத்தின் சீர்திருத்த அமைப்புகளில் யார் யார் இருந்தார்கள் என்று பார்த்தால், பெரும்பாலும் மேல்தட்டு வணிகர்களும் தொழில்முறை வல்லுநர்களும்தான். வார்டு முறையை ஒழித்து நகரம் முழுவதற்கும் சேர்த்துத் தேர்தல் வைத்ததில், சிறு கடைக்காரர்களும் தொழிலாளர்களும் மன்றத்திலிருந்து காணாமல் போனார்கள். ‘தகுதியானவர்’ என்ற அளவுகோல் சில நேரம் ‘நம்மைப் போன்றவர்’ என்பதாகவே இருந்திருக்கிறது. வேட்பாளர்களுக்கு மதிப்பெண் போட வேண்டும் என்று மனமார விரும்புகிறவன் நான். விரும்புவதாலேயே இந்த ஆபத்தை முதலில் பேச வேண்டியிருக்கிறது.

ஒரு வரியில் தீர்ப்பு

சிகாகோவைப் பார்த்து வேறு நகரங்களிலும் இந்த வேலை தொடங்கியது. அவற்றில் செயல்முறையை நன்றாக வளர்த்தெடுத்தது சியாட்டில். அங்கே 1910-ல் முனிசிபல் லீக் தொடங்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாக உள்ளூர்ப் பதவி வேட்பாளர்களை அது தரம் பிரித்தது: மிகச் சிறப்பு, மிக நன்று, நன்று, பரவாயில்லை, தகுதியில்லை என்று ஐந்து படிகள். தன்னார்வலர்கள் குழுவாக உட்காருவார்கள். வேட்பாளர் கேள்வித்தாளை நிரப்ப வேண்டும். அவரோடு வேலை பார்த்தவர்களுக்கும் அவரை எதிர்ப்பவர்களுக்கும் குழுவினர் போன் செய்வார்கள். பிறகு நேர்காணல். பொது வாழ்வில் ஈடுபாடு, காரியம் முடிக்கும் திறன், குணம், விஷய ஞானம் ஆகிய நான்கும்தான் அளவுகோல். இன்ன பிரச்சினையில் உங்கள் நிலைப்பாடு சரியா தவறா என்பதற்கு மதிப்பெண் கிடையாது. வரி கூட்டலாம் என்பவரும் கூட்டக் கூடாது என்பவரும் இருவருமே ‘மிகச் சிறப்பு’ வாங்கலாம்.

இதை எல்லோரும் ஏற்றுக்கொண்டதில்லை. அமெரிக்கப் பெண்கள் வாக்குரிமை வென்ற 1920-ல் தொடங்கிய பெண் வாக்காளர் லீக், எந்த வேட்பாளரையும் ஆதரிப்பதுமில்லை, எதிர்ப்பதுமில்லை. எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, பதிலை அவர்கள் வார்த்தையிலேயே அச்சிடும். முடிவு உங்களுடையது. சட்டமும் இந்த எல்லைக்கோட்டைக் கவனித்திருக்கிறது. நியூயார்க் வழக்கறிஞர் சங்கம் நீதிபதிப் பதவி வேட்பாளர்களைத் தகுதியுள்ளவர், தகுதியில்லாதவர் என்று பிரித்துச் சொல்லிவந்தது. கட்சி வாசனை துளியும் இல்லை. ஆனாலும் அது தேர்தல் பிரசாரத்தில் தலையிடுவதாகவே ஆகும், அறக்கட்டளைக்கான வரிச்சலுகை கிடைக்காது என்று 1988-ல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ‘இவர் தகுதியானவர்’ என்று நடுநிலையாளர் சொன்னாலும் அது தேர்தலில் ஒரு கை வைப்பதுதான் என்று நீதிமன்றம் பார்த்தது. அந்தப் பார்வை சரி என்றே எனக்குப் படுகிறது. கை வைக்கிறோம் என்று தெரிந்து வைக்க வேண்டும், எந்த ஆதாரத்தின் மேல் வைக்கிறோம் என்று காட்டியும் விட வேண்டும்.

மும்பையின் கேள்விக் கணக்கு

இந்தியாவில் இந்த வேலைக்கு அடித்தளம் போட்டது ஒரு வழக்கு. ஆமதாபாத் ஐ.ஐ.எம். பேராசிரியர்கள் சிலர் 1999-ல் ஏ.டி.ஆர். என்ற ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கத்தைத் தொடங்கி, வேட்பாளர்களின் குற்ற வழக்குகளை வாக்காளர் அறிய வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் போனார்கள். உச்ச நீதிமன்றம் 2002 மே மாதம் அதற்கு ஆதரவாகத் தீர்ப்புச் சொன்னது. நாடாளுமன்றம் அவசரமாகச் சட்டத்தைத் திருத்தி அந்தத் தீர்ப்பை நீர்த்துப்போகச் செய்தது. 2003 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தத்தை ரத்து செய்தது. வழக்கு, சொத்து, கடன், படிப்பு எல்லாம் எழுதிய பிரமாணப் பத்திரம் இன்று வேட்புமனுவோடு வருவது அதனால்தான்.

ஆனால் பிரமாணப் பத்திரம் ஒருவரிடம் என்ன இருக்கிறது என்று சொல்லும், பதவியில் என்ன செய்தார் என்று சொல்லாது. அந்த இடத்தை நிரப்பியது மும்பையின் பிரஜா அறக்கட்டளை. 1997-ல் தொடங்கப்பட்ட இந்த அமைப்பு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியாக மாநகராட்சியிடமிருந்தே கணக்கை வாங்கியது. மும்பையின் 227 கவுன்சிலர்களும் எத்தனை கூட்டத்துக்கு வந்தார்கள், எத்தனை கேள்வி கேட்டார்கள், கேட்ட கேள்வி எதைப் பற்றியது, அவர்கள் மேல் என்ன வழக்கு, வார்டு மக்கள் அவர்களைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று சேர்த்து ஆண்டுதோறும் மதிப்பெண் பட்டியல் போட்டது. ஓர் ஆண்டு முழுக்க ஒரு கேள்விகூட எழுப்பாத உறுப்பினர்கள் அதில் வெளிச்சத்துக்கு வந்தார்கள். அதைவிட என்னை உறுத்தியது இன்னொன்று: மழைக்கு மூழ்கும் அந்த மாநகரத்தின் வார்டுக் குழுக்களில், சாலைக்கும் சந்திப்புக்கும் பெயர் சூட்டுவது பற்றிய கேள்விகள் திரும்பத் திரும்ப முன்வரிசையில் இருந்தன.

பிரஜாவின் முறையில் எனக்குப் பிடித்தது, மக்கள் கருத்தும் அதில் ஒரு பங்கு என்பது. ஆடம்ஸ் சுட்டிய பள்ளத்தை ஓரளவு அது தூர்க்கிறது. குறையும் உண்டு. மன்றத்தில் பேசாமல் அதிகாலையில் குழாயடியில் நின்று வேலை வாங்கும் கவுன்சிலருக்குக் கேள்விக் கணக்கில் மதிப்பெண் விழாது. எண்ணிக்கை எளிதாகக் கிடைப்பதை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால், மதிப்பெண்ணுக்காகவே கேள்வி கேட்கும் பழக்கமும் வந்துவிடும்.

மும்பையில் இன்னொரு வழியும் முயன்று பார்க்கப்பட்டது. ஜூஹு பகுதியின் குடியிருப்போர் ஒன்றுகூடித் தங்களுக்குள் ஒருவரைப் பொது வேட்பாளராகத் தேர்ந்து 2007-ல் ஜெயிக்கவும் வைத்தார்கள். அழகான முயற்சி. ஆனால் மதிப்பிடும் அமைப்பு வேட்பாளரையும் நிறுத்தினால், அதன் பிறகு அதன் மதிப்பெண்ணை மற்றவர்கள் எப்படி நம்புவார்கள்? இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும்.

நம் வார்டில்

தகுதியை அளக்கும் ஆசை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஹரியானாவைப் பார்க்கலாம். பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்கக் குறைந்தபட்சப் பள்ளிப் படிப்பு வேண்டும் என்று அந்த மாநிலம் 2015-ல் சட்டம் போட்டது. பொதுப் பிரிவு ஆணுக்குப் பத்தாம் வகுப்பு, பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் சற்றுக் குறைவு. உச்ச நீதிமன்றமும் அந்த ஆண்டு டிசம்பரில் அதை ஏற்றது. பள்ளிக்கூடத்துக்கே அனுப்பப்படாத ஏழைப் பெண்கள், தலித் பெண்கள்தாம் இதில் அதிகம் அடிபட்டார்கள். அவர்களைப் பள்ளிக்கு அனுப்பாதது சமூகத்தின் குற்றம். தண்டனை அவர்களுக்கு.

தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு. 2022-ல் சென்னை மேயர் பதவி பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டு, 28 வயதில் பிரியா ராஜன் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். முதன்முறை நிற்கும் ஒரு பெண்ணிடம் ‘நிர்வாக அனுபவம்’ கேட்டு மதிப்பெண் குறைத்தால், இடஒதுக்கீடு திறந்த கதவை மதிப்பீட்டுக் குழு சாத்துகிறது என்று பொருள். அவரிடம் கேட்க வேண்டியது வேறு. மன்றத்தில் பேசப்போவது நீங்களா, உங்கள் கணவரா? வார்டுக்கு என்ன நிதி வருகிறது என்று தெரியுமா? மழை பெய்தால் எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும்? மூன்றாவது கேள்விக்குப் பட்டதாரியைவிட அந்தத் தெருவில் மீன் விற்கும் அம்மா நன்றாகவே பதில் சொல்வார்.

ஆகவே கேள்வி கேட்கும் குழுவில் யார் இருக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கத்தின் ஓய்வுபெற்ற அதிகாரிகள் மட்டுமே உட்கார்ந்தால் அது இன்னொரு பிட்ஸ்பர்க். தூய்மைப் பணியாளர், ஆட்டோ ஓட்டுநர், சத்துணவுக் கூட ஊழியர், சந்தையில் கடை போடும் பெண், வாடகைக்கு இருக்கும் குடும்பம் ஆகியோரும் அந்தப் பாயில் உட்கார வேண்டும். குழுவில் இருப்பவர் எவரும் கட்சிப் பொறுப்பிலோ மாநகராட்சி ஒப்பந்தத்திலோ இருக்கக் கூடாது. யார் பணம் கொடுத்தார்கள் என்பது ரூபாய் வரை தெரிய வேண்டும். ஒவ்வொரு மதிப்பெண்ணுக்குக் கீழேயும் ஆவணம் இருக்க வேண்டும். அச்சுக்கு முன் வேட்பாளரிடம் காட்டி அவர் மறுப்பையும் சேர்த்துப் போட வேண்டும். அவதூறு வழக்குக்குப் பயந்து சொல்லவில்லை. காஃப்லினின் பிறந்த ஊர் போன்ற ஒரு சின்னப் பிழை போதும், அதைப் பிடித்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் தள்ளிவிடுவார்கள்.

காலத்தையும் சிகாகோவிடமிருந்தே கற்க வேண்டும். பட்டியல் அறிவித்த பிறகு மதிப்பெண் போட்டால் கட்சிக்கு நஷ்டமில்லை. நகர்ப்புற உள்ளாட்சி மன்றங்களின் காலம் முடிய இருக்கும் இந்த நேரத்தில், ஐந்து ஆண்டின் பதிவுகள் மாநகராட்சி, நகராட்சி அலுவலகங்களில் இருக்கின்றன: மன்றக் கூட்டங்களின் வருகைப் பதிவேடு, தீர்மானப் புத்தகம், வார்டு மேம்பாட்டு நிதியில் எடுத்த வேலைகளின் பட்டியல், 2022 நவம்பரில் தொடங்கிய பகுதி சபைக் கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்பு. இவற்றை வார்டு வாரியாகக் கேட்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம் போடப் பத்து ரூபாய் ஆகும். முப்பது நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு. வந்த தாள்களை வார்டு மக்கள் கூடிப் படித்து, எந்தெந்த வேலை உண்மையில் நடந்தது என்று தெருத்தெருவாகப் போய்ச் சரிபார்க்கச் சில மாதங்கள் பிடிக்கும். கட்சிகள் ‘சீட்டு யாருக்கு’ என்று பேசத் தொடங்கும் வாரத்தில் அது கையில் இருக்க வேண்டும் என்றால், விண்ணப்பத்தை இப்போதே எழுத வேண்டும்.